நிறுத்தாமலே பார்க்கலாம்

எனக்கு வாயை மூடிக்கொண்டு உட்காரத் தெரியாது. எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், கேட்காவிட்டாலும் சொல்வார்கள். அப்படிப்பட்ட நான் ஒரு பகல் முழுக்க வாயே திறக்காமல் அண்ணி பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன் என்றால் நம்புவீர்களா? பெரிய கல்கண்டுக் கட்டி ஒன்றை வாயில் போட்டு அடைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அது கரைந்ததும் இன்னொன்று. அந்தப் பகல் இன்னும் எனக்குக் கனவில் கண்டது மாதிரிதான் இருக்கிறது.

ஆரணியில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் அண்ணனின் தறி ஷெட். மிஷின் தறி. எங்களுக்கு மட்டுமில்லை, தெருவில் பாதி வீடுகளுக்கு அப்படித்தான். காலையில் யாராவது ஒருவர் ஹேண்டிலைப் போடுவார், அடுத்த வீட்டில் போடுவார்கள், காப்பி ஆறுவதற்குள் தெருவே டகடக்கென்று ஓட ஆரம்பித்துவிடும். அதற்கு நடுவில்தான் நான் மாடி அறையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வேலை செய்கிறேன். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தால் அந்தச் சத்தமே என்னைத் தூக்கிக்கொண்டு போய்விடும். கண் திறந்திருக்கும், திரையில் எழுத்து ஓடும், நான் எங்கேயோ மிதந்துகொண்டிருப்பேன். வெளியூர்க்காரர்கள் போனில் "என்னங்க ரயில்வே ஸ்டேஷன்ல இருக்கீங்களா" என்று கேட்கும்போதுதான் சத்தம் இருக்கிறது என்பதே ஞாபகம் வரும்.

கம்பெனி வேலை போக இன்னொரு வேலையையும் தலையில் போட்டுக்கொண்டிருந்தேன். வெப்சைட் கட்டுவதற்கு ஃபிரேம்வொர்க் என்று ஒன்று உண்டு. அஸ்திவாரமும் தூணும் அதுவே போட்டுக் கொடுத்துவிடும், சுவரும் சன்னலும் நாம் வைத்துக்கொள்ள வேண்டியதுதான். நான் பயன்படுத்துவது ஓப்பன் சோர்ஸ். உலகத்தில் எங்கெங்கேயோ இருக்கிற முகம் தெரியாத ஆட்கள் சேர்ந்து, காசு வாங்காமல், யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று செய்து வைத்தது. புதிதாக வருகிறவர்களுக்கு அதில் ஒரு பாடப் பக்கம் இருக்கும். தமிழிலும் இருந்தது. எந்தப் புண்ணியவான் எழுதினாரோ, படித்தால் கோயில் கல்வெட்டு மாதிரி இருக்கும். "சேவையகத்தை இயக்குக. பின்னர் உலாவியில் காண்க." எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எந்த வீட்டில் ஐயா இப்படிப் பேசுகிறீர்கள்? நான் சரி பண்ணுகிறேன் என்று எழுதிப் போட்டேன். தாராளமாகச் செய் என்று விட்டுவிட்டார்கள். சேவையகத்தை சர்வர் ஆக்கினேன், உலாவியை பிரவுசர் ஆக்கினேன், இயக்குக என்பதை ஓட்டுங்கள் என்று மாற்றினேன். அவ்வளவுதானே, வேலை முடிந்தது என்று இருந்தேன்.

அண்ணி பி.எஸ்ஸி. கணக்கு. போளூர்ப் பக்கத்தில் பிறந்தவர், தறியே பார்க்காத வீடு. கல்யாணமாகி வந்து தறி ஓட்டக் கற்றுக்கொண்டு, அண்ணனைவிட நன்றாக ஓட்டினார். எங்கள் இருவருக்கும் வயது வித்தியாசம் சொல்லிக்கொள்கிற மாதிரி ஒன்றும் இல்லை. சண்டை போடுவோம், ஒரே தட்டில் மிக்சர் தின்போம்.

அவருடைய இடது காதுதான் முதலில் போக ஆரம்பித்தது. இடது பக்கமாக நின்று கூப்பிட்டால் திரும்ப மாட்டார். "ரொம்பத்தான் ராங்கி" என்று நானே கிண்டல் செய்திருக்கிறேன். அப்புறம் வேலூரில் காது டாக்டரிடம் போனோம். தறி சத்தம், வேறொன்றும் இல்லை என்றார். "காதுக்குள்ள இரைச்சல் மாதிரி ஏதாவது கேக்குதாம்மா?" என்று கேட்டார். "அதெல்லாம் இல்லீங்க" என்றார் அண்ணி. "போனது போனதுதான், திரும்பி வராது. வலது காதையாவது காப்பாத்திக்கோங்க, இனிமே அந்த ஷெட்டுக்குள்ள போகாதீங்க" என்று சொல்லி அனுப்பினார். பஸ்ஸில் வரும்போது அண்ணி வலது காதை முந்தானையால் பொத்திக்கொண்டே வந்தார்.

போகாதே என்றால் ஆயிற்றா? சும்மா உட்கார்ந்திருக்கிற வீடா எங்களுடையது? அண்ணன் கெட்டவர் இல்லை, ஆனால் அவருக்குத் தெரிந்த உலகம் அவ்வளவுதான். "செய்யார் ஷூ கம்பெனி பஸ் நம்ம முக்குலயே நிக்குது, அதுல வேணா போயேன்" என்றார். எனக்கு வந்ததே கோபம். "ஏன், அங்க மட்டும் மிஷின் தாலாட்டா பாடுது?" என்று கேட்டேன். அண்ணன் தறியைப் பார்க்கப் போய்விட்டார்.

சத்தமில்லாத வேலை வேண்டும். அதுதான் அண்ணி என்னிடம் கேட்டது. "நீ பண்றியே அந்த வேலைய எனக்குக் கத்துக்குடு. உன் லேப்டாப்புல ஃபேன் சத்தம் மட்டும்தானே கேக்குது." வேலூரில் ஒரு சின்ன கம்பெனி, வீட்டிலிருந்தே செய்யலாம், புதியவர்களை எடுத்துப் பழக்குவார்கள் என்று கண்டுபிடித்தேன். என் ஃபிரேம்வொர்க்கிலேயே ஒரு சின்னப் பக்கம் சொந்தமாகச் செய்து, சனிக்கிழமை வீடியோவில் ஓட்டிக் காட்ட வேண்டும். காட்டினால் வேலை. இல்லாவிட்டால் மறுபடி ஷெட்டு, அந்த ஒரு காதும் கொஞ்சம் கொஞ்சமாகப் போகும். இரண்டு பேருக்கும் இது தெரியும், ஆனால் வாய் விட்டுச் சொல்லிக்கொள்ளவில்லை.

அண்ணிக்கு நான் திருத்திய பக்கத்தைக் கொடுத்தேன். நல்ல தமிழ், எளிய தமிழ், படித்து அதன்படி செய்யுங்கள் என்று பெருமையாகத்தான் கொடுத்தேன். ஓடவில்லை. "தளத்தை அடைய முடியவில்லை" என்று பிரவுசர் கையை விரித்தது. நான் மாடியிலிருந்து இறங்கி வந்து, "தள்ளுங்க அண்ணி" என்று கீபோர்டைப் பிடுங்கிப் படபடவென்று அடித்தேன். ஓடியது. நான் மேலே போனதும் ஓடவில்லை. மறுபடி வந்தேன், ஓடியது. வாரம் முழுக்க இதே கூத்து.

"நீ உக்காந்தா ஓடுது, நான் உக்காந்தா நின்னுடுது. அதுக்கே என்னப் பிடிக்கல போலக்குது" என்றார் அண்ணி. "எனக்கு மண்டையில ஒண்ணும் ஏறல. வுடு, எனக்கு இது சரிப்படாது." சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்கு அழுகை வந்தது. அழுகை வந்தால் எனக்குக் கத்தத்தான் தெரியும், அதனால் "ஒரே பேஜாரு உங்களோட!" என்று கத்திவிட்டு மேலே போய்விட்டேன்.

பாடப் பக்கத்தைப் பார்த்துக்கொள்கிற குழுவில் இதை எழுதினேன். படிக்கிறவர் புத்திசாலி, ஆனால் எங்கே மாட்டுகிறார் என்றே தெரியவில்லை என்று. அவர்களில் ஒருவர், குளிர் தேசத்துக்காரர், பதில் போட்டார். புதிதாக வருகிறவர் பக்கத்தில் போய் உட்கார், அவர் செய்வதைப் பார், வாயைத் திறக்காதே, கையை நீட்டாதே. தப்புச் செய்தாலும் பார்த்துக்கொண்டே இரு என்று. சொல்லிவிட்டார் மகராசன், செய்ய வேண்டியது நானல்லவா!

வியாழக்கிழமை ஷட்டவுன். மாதத்துக்கு ஒரு நாள் லைன் வேலை பார்க்க ஊர் முழுக்கக் கரண்ட்டை நிறுத்துவார்கள். காலையில் ஓடிக்கொண்டிருந்த தறியெல்லாம் ஒரே மூச்சில் நின்றது. நின்றதும் தெருவே அகலமாகிவிட்ட மாதிரி இருந்தது. எங்கேயோ குக்கர் விசில் அடித்தது. போளூர் ரோட்டில் போகிற பஸ்ஸின் ஹாரன் எங்கள் கொல்லை வரை வந்து நின்றுவிட்டுப் போனது. அண்ணன் துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு படுத்துவிட்டார். தறி நின்றிருந்தால் ஷெட்டுக்குள் போவதில் தப்பில்லை, அங்கேதான் குளுமை. லேப்டாப்பில் சார்ஜ் நிறைய இருந்தது, இந்த வேலைக்கு இன்டர்நெட்டும் தேவையில்லை. "வாங்க அண்ணி, இன்னிக்கு நான் பேசமாட்டேன்" என்றேன். "ஐயோ, ஒடம்பு கிடம்பு சரியில்லையா?" என்றார்.

ஓட்டில் பதித்த கண்ணாடி வழியாக வெயில் தரையில் ஒரு கட்டமாக விழுந்திருந்தது. தறியில் மாம்பழ நிறத்தில் பட்டு, பாதியில் நின்றிருந்தது. காற்று வரும்போது இழைகளில் வெளிச்சம் ஓடி, அடங்கி, மறுபடி ஓடும். அதைப் பார்த்துக்கொண்டே கல்கண்டைச் சப்பிக்கொண்டிருந்தேன். நேரம் போகிறதா நிற்கிறதா என்றே தெரியவில்லை. அண்ணி பலகையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு பக்கத்தை வரிவரியாகப் படித்தார். மெதுவாக, விரலை வைத்துப் படித்தார். நடுவில் தலையைச் சாய்த்துக்கொண்டு, "யாரோ ஜெனரேட்டர்ல தறி ஓட்டிகினு இருக்காங்க பாரு. ஒரு நாள் சும்மா இருக்கமாட்டாங்களா" என்றார். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. பேசக்கூடாதே, அதனால் தலையை ஆட்டி வைத்தேன்.

எல்லாம் சரியாகவே செய்தார். ஒரு எழுத்து பிசகவில்லை. கட்டளை அடிக்கிற கறுப்பு சன்னலில் சர்வரை ஓட்டினார். சர்வர் என்றால் பெரிய விஷயமில்லை, நம்முடைய பக்கத்தை எடுத்து பிரவுசரிடம் நீட்டுகிற ஒரு சின்ன புரோகிராம். ஓடுகிறது என்று எழுத்து வந்தது. கீழேயே, நிறுத்துவதற்கு கன்ட்ரோலையும் சி-யையும் சேர்த்து அழுத்தவும் என்றும் வந்தது. அண்ணி அழுத்தினார். சர்வர் நின்றது. அப்புறம் நிதானமாக பிரவுசருக்குப் போனார். தளத்தை அடைய முடியவில்லை.

கல்கண்டைக் கடித்துவிட்டேன். பல் போயிருக்கும்.

மறுபடி செய்தார். ஓட்டினார், நிறுத்தினார், பார்க்கப் போனார். இல்லை. மறுபடி முதல் வரியிலிருந்து படித்தார். எங்கேயும் தப்பில்லை. அதற்குமேல் எனக்குத் தாங்கவில்லை.

"அண்ணி, எதுக்கு அத்த நிறுத்தினீங்க?"

"பின்ன? பாக்கப் போறேனே."

"பாக்கறதுக்கு எதுக்கு நிறுத்தணும்?"

என்னைப் பார்த்தார் பாருங்கள் ஒரு பார்வை! மடச்சி ஒருத்தி வீட்டில் வளர்ந்திருக்கிறாளே என்கிற பார்வை. "ஓடிகினு இருக்கறதுல போய் யாராவது மூஞ்சிய வைப்பாங்களா? ஊடு நூல இழுத்துகினு ஓடற நாடா பறந்து வந்து அடிச்சா கண்ணு பூடும். மொதல்ல ஹேண்டில எடு, அப்புறம் துணியப் பாரு. நான் இந்த வீட்டுக்கு வந்து கத்துக்கினதே அத்தத்தான்." திரையைக் காட்டி, "அதுவுமில்லாம, இது ஓடுதுன்னு எனக்கு எப்படித் தெரியும்? ஒரு சத்தமும் இல்லையே" என்றார்.

பக்கத்தில் நான் எழுதியிருந்தது இவ்வளவுதான்: ஓட்டுங்கள், பிறகு பாருங்கள். அந்த இரண்டு வாக்கியங்களுக்கு நடுவில் அண்ணி ஒவ்வொரு முறையும் ஒழுங்காக, கவனமாக, கையைக் காப்பாற்றிக்கொள்கிற ஆள் செய்கிற மாதிரி, மிஷினை நிறுத்தியிருக்கிறார். நான் தறி வீட்டில் பிறந்தும் ஹேண்டிலைத் தொட்டதே இல்லை. மாடியில் உட்கார்ந்து தூங்கி வழிந்தவள். எனக்கு அது எப்படித் தோன்றும்?

"நிறுத்தாதீங்க அண்ணி. அது ஓடிகினே இருக்கட்டும். அப்படியே போய்ப் பாருங்க. கை ஒண்ணும் போகாது."

ஓட்டினார். கை தன்னால் கன்ட்ரோல் பக்கம் போனது. இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். பிரவுசரைத் திறந்தார். பக்கம் வந்தது. வெள்ளைத் திரையில் அண்ணி அடித்த ஒரே ஒரு வரி: "நம்ம தெருவில் இன்று கரண்ட் இல்லை." அதுதான் அவர் செய்ய நினைத்த பக்கம். எந்த நாள் ஷட்டவுன், எப்போது கரண்ட் வரும் என்று தெருவுக்குச் சொல்கிற பக்கம். அண்ணி திரைக்குப் பக்கத்தில் வலது காதைக் கொண்டுபோய் வைத்துக் கேட்டார். சத்தியமாகக் காதை வைத்துக் கேட்டார்.

"ஓடுது" என்றார் மெல்ல. "சத்தமே இல்லாம ஓடுதும்மா."

நான் கட்டிப்பிடித்துக்கொண்டேன். கல்கண்டு கையெல்லாம் பிசுபிசு என்றிருந்ததால் திட்டும் வாங்கினேன்.

சாயங்காலம் கரண்ட் வந்ததும் பாடப் பக்கத்தில் மூன்று வாக்கியங்களைச் சேர்த்து அனுப்பினேன். "சர்வர் ஓடிக்கொண்டே இருக்கட்டும். சத்தம் வராது. நிறுத்தாமலே பார்க்கலாம்." இங்கிலீஷ் பக்கத்திலும் இதைச் சேர்க்க வேண்டும் என்று கேட்டேன். குளிர் தேசத்துக்காரர் உடனே வந்துவிட்டார். இது தேவையா, ஓடுகிற சர்வரை யார் நிறுத்துவார்கள் என்று. யாரா? எங்கள் அண்ணி! சுடச்சுட ஒரு பதில் அடித்தேன். அண்ணி தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, "சண்ட போடாத. எதுக்குன்னு சொல்லு, போதும்" என்றார். அடித்ததை அழித்துவிட்டு, எங்கள் ஊரில் ஓடுகிற மிஷினுக்குள் தலையை விட்டால் என்ன ஆகும் என்பதை மட்டும் எழுதினேன். மறுநாள் பதில் வந்திருந்தது. அவர் அப்பாவுக்கு மரம் அறுக்கிற மில் இருந்ததாம். வேறு விளக்கம் ஒன்றும் இல்லை, சேர்த்துக்கொண்டேன் என்று மட்டும் எழுதியிருந்தார். ஆனால் சத்தம் வராது என்பதை இங்கிலீஷில் எடுத்துவிட்டார். போகட்டும். தமிழ்ப் பக்கம் என் கையில் இருக்கிறது, அதில் யார் கை வைக்கிறார்கள் பார்க்கிறேன்.

சனிக்கிழமை காலை அண்ணி நல்ல புடவை கட்டிக்கொண்டு என் அறையில் உட்கார்ந்தார். கீழே அண்ணனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. திடீரென்று எங்கள் தறி நின்றது. எட்டிப் பார்த்தேன்; அண்ணன் சட்டையை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கிப் போனார். எதிர் வீட்டுத் தறி நின்றது. பக்கத்து வீடு நின்றது. ஒவ்வொரு வாசலிலும் என்ன சொன்னாரோ, கடைசி வீடு வரை ஒவ்வொன்றாக நின்றது. கரண்ட் இருக்கும்போது எங்கள் தெரு அப்படி அடங்கி நான் பார்த்ததில்லை. என் அண்ணனையா வாய் கிழியப் பேசினோம் என்று இருந்தது எனக்கு.

அண்ணி ஓட்டிக் காட்டினார். நிறுத்தாமல் காட்டினார். அவர்கள் கேட்ட கேள்விகளை, வலது காதைத் திருப்பிக்கொண்டு, ஒன்றுகூட விடாமல் வாங்கிப் பதில் சொன்னார். திங்கட்கிழமை வேலைக்கு வாருங்கள் என்று அப்போதே சொல்லிவிட்டார்கள்.

அண்ணன் வாயெல்லாம் பல்லாக மேலே வந்தார். அண்ணி அவரைப் பார்த்து, "எல்லாம் சரி. கடைசி வீட்டுத் தறிய மட்டும் ஏன் நிறுத்தல? கேள்வி கேக்கறப்ப எல்லாம் அந்த ஒண்ணு ஓடிகினே இருந்துச்சி" என்றார்.

"நானே நின்னு நிறுத்திட்டு வந்தேன்" என்றார் அண்ணன்.

"பொய் சொல்லாதீங்க. இப்பகூட ஓடுது."

அண்ணனும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். தெருவில் காக்கா கத்துவதுதான் கேட்டது. "வா, காட்டறேன்" என்று அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டு விறுவிறுவென்று இறங்கினார். வெயிலில் கடைசி வீடு வரை நடந்தோம். வாசலில் அந்த வீட்டுக்காரர் டீ குடித்துக்கொண்டிருந்தார். "இன்னாம்மா, பாஸாயிட்டியா? போட்டுக்கலாமா தறிய?" என்று கேட்டார். அண்ணி நேராக உள்ளே போய் நின்றார். தறி நின்றுதான் இருந்தது. அப்படியும் நம்பாமல் உள்ளங்கையைச் சட்டத்தின்மேல் வைத்தார். கொஞ்ச நேரம் வைத்தபடியே இருந்தார். அப்புறம் அந்தக் கையை எடுத்துத் தன் இடது காதின்மேல் பொத்திக்கொண்டார்.

எனக்கு அப்போதுதான் புரிந்தது. ஷட்டவுன் அன்று ஜெனரேட்டரில் ஓடியதும் இதுதான். டாக்டர் கேட்ட இரைச்சலும் இதுதான். இத்தனை வருஷமும் தறிச் சத்தம் அதை மூடி வைத்திருந்திருக்கிறது, மூடாத நேரத்தில் எங்கேயோ தறி ஓடுகிறது என்றே அண்ணி நினைத்திருக்கிறார். அதுவும் போகாது என்று எனக்குத் தெரியும்.

திரும்பி வரும்போது தெரு வாசல்களில் எல்லோரும் சிரித்துக்கொண்டு நின்றார்கள். அண்ணியும் சிரித்து, தலையாட்டி, பாதிப் பேரிடம் டீக்கு வாங்க என்று சொல்லிக்கொண்டு வந்தார். எனக்குத்தான் அடக்க முடியவில்லை, நடுத்தெருவில் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "அந்த டாக்டரு ஒரு டாக்டரா! சரியா கேட்டிருக்க வேணாம்? நாளைக்கே வேலூர் போறோம், நிறுத்தறதுக்கு மருந்து குடுக்கச் சொல்றேன்" என்று பொரிந்து தள்ளினேன்.

"கம்முனு வா" என்றார் அண்ணி. "நீதானே எழுதின? ஓடிகினே இருக்கட்டும். நிறுத்தாமலே பாக்கலாம்."

நான் அவருக்கு இடது பக்கம் நடந்துகொண்டிருந்தேன். அண்ணி என் முழங்கையைப் பிடித்து இழுத்து, வலது பக்கத்துக்கு மாற்றிவிட்டு, "இப்ப பேசு" என்றார்.